நிலுவை 43 நாள்: வெள்ளவத்தையில் ஒரு கூலிப்படை ஆட்டம்

எங்கள் ஆட்டத்தின் பதிவேடு ஒரு சீ.ஆர். கொப்பி. முதல் பக்கத்தில் அறுபது பெயர்கள். அவற்றில் எட்டுப் பெயர்கள் சிவப்புப் பேனாவால் வெட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் ஒரு பக்கத்தில் பிளேன்டீக் கோப்பை வைத்த வட்டம். கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு முடியாமல் நிற்கிறது. பதினொரு பௌர்ணமிப் போயா தினங்கள், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், ஐந்து ஆட்டக்காரர்களும் நடத்துநராக நானும் உட்கார்ந்து ஆடியதன் மிச்சம் இதுதான்.

போயாவை ஏன் பிடித்தோம் என்றால், அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஒன்றாக லீவு. கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கும் தங்கச்சிக்கு மற்றச் சனி, ஞாயிறுகளிலும் அலுவலகத்திலிருந்து போன் வரும். கொட்டாஞ்சேனைச் சகோதரர்கள் இருவருக்கும் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. போயாவுக்குத்தான் கதவு சாத்துவார்கள். இன்னொருவர் மென்பொருள் வேலை. ஐந்தாவது ஆள் ஒரு ஆசிரியை. எல்லோரும் அவரை அக்கா என்போம்.

தெரியாதவர்களுக்கு: இது பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். நடத்துநர் ஒரு உலகத்தையும் நிலைமையையும் சொல்வார்; ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்தவர்கள் “நான் இதைச் செய்கிறேன்” என்பார்கள்; நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கக் கட்டை சொல்லும். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் மூத்தது. நாங்கள் ஆடியது அதன் ஐந்தாம் பதிப்பு.

செத்துப்போன முதல் ஆட்டம்

கூலிப்படை ஆட்டத்துக்கு முன்னால் இதே ஆட்களை வைத்து வீரர் கதை ஒன்றை நடத்தினேன். இருள் தெய்வம் எழும்புகிறது, ஐந்து பேர் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஐந்து மாதம் ஓடியது. அதற்குள் ஒவ்வொருவர் தாளிலும் பொற்காசு ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது, வாங்க ஒன்றுமில்லை. ஐந்தாம் பதிப்பில் எட்டு மணிநேரம் படுத்து எழும்பினால் உயிர்ப்புள்ளிகள் முழுதாகத் திரும்பிவிடும். வயிற்றில் ஈட்டி வாங்கியவனும் காலையில் பல் விளக்கிவிட்டு நடப்பான். ஆறாவது அமர்வில் கொட்டாஞ்சேனையில் இளையவர் கேட்டார்:

“அண்ணா, நாங்க ஏன் இதைச் செய்யிறம்?”

“செய்யாட்டி உலகம் அழிஞ்சிடும்.”

“அது எப்பவும் அழியப்போகுதுதானே.”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த போயாவுக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். சாப்பிட வாங்கிய ரோல்ஸ் மிஞ்சிப்போனது.

அந்த நாட்களில்தான் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் முதுகு உரிந்த ஒரு பிரதி அகப்பட்டது. கிளென் குக் எழுதிய ‘தி பிளாக் கொம்பனி’. 1984இல் வந்த நாவல். குக் அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே எழுதியவர், புத்தகத்தைப் படித்தால் அது தெரியும். மாயம், பிசாசு, ஆயிரம் வருட மந்திரவாதிகள் எல்லாம் உண்டு. ஆனால் கதை சொல்கிறவன் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் மாதிரிப் பேசுகிறான். பெயர் குரோக்கர். படையின் வைத்தியன், கூடவே அதன் வரலாற்றை எழுதும் பதிவாளன். அவன் அரண்மனையைப் பற்றி எழுதுவதைவிடச் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுவது அதிகம். கூட இருக்கும் இரண்டு மந்திரவாதிகள் ஒருவரையொருவர் சீண்டுவது படை முழுவதற்கும் பொழுதுபோக்கு.

நாவலின் தொடக்கமே ஒரு துரோகம். படை ஒரு துறைமுக நகரத்தில் அதன் ஆட்சியாளனுக்கு வேலை செய்கிறது. நகரம் அழுகிப்போய்க் கிடக்கிறது, வேறொரு பெரிய முதலாளி காத்திருக்கிறார். காப்பாற்ற வேண்டிய ஆளைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டு, ஒப்பந்தத்திலிருந்து கழன்று கப்பலேறுகிறார்கள். புதிய முதலாளி யாரென்று பார்த்தால், வேறு நாவல்களில் வில்லியாக வந்து கடைசியில் ஒழிக்கப்படவேண்டிய பெண். மிச்சக் கதை முழுவதும் அவளுடைய சம்பளத்தில்தான்.

கொம்பனி என்ற சொல்லை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்நாட்டில் கம்பெனி, நமக்குக் கொம்பனி. ஸ்லேவ் ஐலண்டை நாம் கொம்பனித்தெரு என்கிறோம். அங்கே ரைஃபிள் தெரு இருக்கிறது, மலே தெரு இருக்கிறது. கூலிக்குத் துப்பாக்கி தூக்கியவர்களின் சுவடு இந்த ஊரின் பஸ் பெயர்ப்பலகையிலேயே கிடக்கிறது.

கணக்குப் புத்தகம்

இந்த வகை நாவல்களை ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறவர்கள் பலரும் முதலில் இரத்தத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். மழை, சேறு, வெட்டுண்ட கை, கெட்ட வார்த்தை. என் எண்ணத்தில் அது மேற்பூச்சு. நாவலில் இருக்கிற இருட்டு வேறு இடத்தில் இருக்கிறது: இன்றைக்கு யார் சம்பளம் கொடுக்கிறார், நாளைக்குக் கொடுப்பாரா, கொடுக்காவிட்டால் நாங்கள் யார் என்ற கேள்வியில். ஆகவே நான் எடுத்தது கணக்கை.

ஏற்பாடு இவ்வளவுதான். படையில் அறுபது பேர், தலைக்கு நாளுக்கு ஒரு வெள்ளி. ஒரு துறைமுகக் கோட்டையின் ஆளுநரோடு 90 நாள் ஒப்பந்தம். முப்பது நாள் சம்பளம் முன்பணம். பயிற்சிக் கணக்காளர் தங்கச்சியைப் படையின் பண்டகசாலைப் பொறுப்பாளர் ஆக்கினேன். இந்த யோசனை என்னுடையதல்ல. 2019இல் வந்த ‘பேண்ட் ஒஃப் பிளேட்ஸ்’ என்ற ஆட்டத்தில் தோற்றுப் பின்வாங்கும் ஒரு படையை ஆட்டக்காரர்கள் தளபதி, பண்டகசாலைப் பொறுப்பாளர், பதிவாளர் என்று பிரித்து நடத்துவார்கள். அதுவும் குக்கின் நிழலில் வளர்ந்ததுதான். நான் பாத்திரப் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்ததாகத் தூக்கத்தை மாற்றினேன். ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு நடத்துநர் கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: முழு ஓய்வுக்கு எட்டு மணிநேரம் போதாது, ஏழு நாள் வேண்டும். தனியாகப் பார்த்தால் சலிப்பான விதி. கணக்குப் புத்தகத்தோடு சேர்த்தபோது அதற்கு உயிர் வந்தது. ஒருவன் காயம் ஆற ஏழு நாள் முகாம் போட்டால், அறுபது பேருக்கு ஏழு நாள் கூலி, 420 வெள்ளி. முதல் அமர்விலேயே தங்கச்சி தலையைத் தூக்கிச் சொன்னார்: “உங்கட தோள்ல பட்ட அம்புக்கு நானூற்றி இருபது. இன்னொரு தரம் முன்னால ஓடாதீங்க.” அதற்குப் பிறகு யாரும் வாளை உருவும் முன் அவர் முகத்தைப் பார்த்தார்கள். முந்தைய ஆட்டத்தில் ஒரு அமர்வுக்கு மூன்று சண்டை வரும். இந்தத் தடவை பதினொரு அமர்வுக்கு மொத்தமே ஆறு. ஆறும் நினைவில் இருக்கின்றன.

மூன்றாவது விதி பழையது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பெட்டியில் மனத்திடத்துக்கு ஒரு எண் உண்டு. இரண்டு ஆறுபக்கக் கட்டைகளை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். எங்கள் படைக்கு எட்டு என்று வைத்தேன். நிலுவை பத்து நாள் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறையும். நாற்பது நாள் நிலுவையில் எண் நாலு. அப்போது உருட்டினால் ஆறில் ஐந்து பங்கு ஓட்டம்தான். இதை யாருக்கும் ஒளிக்கவில்லை. கொப்பியின் பின்மட்டையில் எழுதி ஒட்டினேன்.

இரண்டாம் தவணை பத்து நாளுக்கு மட்டும்தான் வந்தது. அதோடு ஆளுநரின் கை நின்றது.

பதினொரு வெள்ளி

நாலாம் அமர்வு. ஒப்பந்தத்தின் 51ஆம் நாள். ஆற்றங்கரைச் சண்டையில் ஈட்டிக்காரன் ஒருவன் செத்தான். பெயர்ப்பட்டியலை நிரப்புவதற்காக நான் கட்டை உருட்டிப் பெயர் வைத்த ஆட்களில் ஒருவன். அதுவரை ஒரு வசனம் பேசியதில்லை. நான் அடுத்த காட்சிக்குப் போகப்போனேன். தங்கச்சி பேனையை எடுத்தார்.

“இவருக்குப் பதினொரு நாள் நிலுவை இருக்கு. ஆருக்குக் குடுக்கிறது?”

நான் யோசித்ததே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: தாய் இருக்கிறார், இரண்டு நாள் நடை தூரத்தில். சரி, அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஐந்து பேரும் எழும்பி நேரில் போனார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த கள்ளர் குகை அந்த அமர்வில் திறக்கவே இல்லை.

தாயின் வீட்டில் அவர்களைத் திண்ணையில் இருத்தி, பதினொரு வெள்ளியையும் எண்ணி வாங்கவைத்தேன். பிறகு அந்த அம்மா கேட்டார்: “மற்றப் பதினொன்று எங்கே?” மகன் ஆள் விட்டுச் சொன்ன செய்தியில் நாளுக்கு இரண்டு வெள்ளி என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் பெருமைக்காகச் சொன்ன பொய். இப்போது திண்ணையில் இருக்கிற ஐந்து பேரும் அவருடைய கண்ணில் கள்ளர்.

இதைப் பற்றி நாற்பது நிமிடம் வாக்குவாதம். மகன் பொய் சொன்னான் என்று தாயிடம் சொல்வதா? படைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதா? “புத்தகத்தில இல்லாத காசை எப்பிடிக் குடுக்கிறது, நாளைக்கு அறுபது பேரும் ரெண்டு கேப்பினம்” என்று தங்கச்சி பிடிவாதம். கொட்டாஞ்சேனையில் மூத்தவர், கடை நடத்துகிற ஆள், “கணக்கு வேற, மனிசர் வேற, பிள்ளை” என்றார். கடைசியில் சொந்தப் பையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டார்கள். எட்டுத்தான் சேர்ந்தது. அந்த அம்மா குறைகிற மூன்றையும் மறக்கவில்லை. பிறகு ஒரு தடவை வழியில் கண்டபோதும் கேட்டார்.

ஆற்றங்கரைச் சண்டைக்குப் பிறகு அந்த அமர்வில் கட்டையே உருளவில்லை. வீடு திரும்பும் ஆட்டோவிலும் பேச்சு அதேதான் என்று பிறகு சொன்னார்கள். ஆறு மாதம் முன்னால் ஆறு தலை நாகத்தைக் கொன்றவர்கள் இவர்கள். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

பட்டப்பெயர்களையும் நாவலிலிருந்துதான் எடுத்தோம். குக்கின் படையில் யாருக்கும் ஊர்ப் பெயர் கிடையாது, ஒற்றைக்கண், ஊமை என்று அழைப்புப் பெயர்தான். படைக்கு வருமுன் யாராக இருந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்களிடம் பெயர் சம்பவத்தால் மட்டும்தான் வரலாம் என்று விதி. தங்கச்சி ‘பற்றுச்சீட்டு’ ஆனார். சேற்றில் ஒரு கால் செருப்பை விட்டுவிட்டு வந்தவர் ‘அரைச்சப்பாத்து’. நமக்கு இது சொல்லித்தர வேண்டிய கலையா என்ன.

பிழைத்த இடம்

ஆறாம் அமர்வில் பிழை விட்டேன். ஆளுநர் கட்டளை: எதிரிக்கு நெல் கொடுக்கும் கிராமத்தைக் கொளுத்து. செய்வார்களா மாட்டார்களா என்று பார்ப்பது என் நோக்கம். ஆனால் ஆட்களை வெளியேற்றும் காட்சியை நான் விவரிக்கத் தொடங்கினேன். மூட்டை, மாட்டு வண்டி, இருட்டில் நிரை. நன்றாகச் சொல்கிறேன் என்று எனக்கே ஒரு எண்ணம். மென்பொருள்காரரும் உற்சாகத்தில் மேலே மேலே சேர்த்தார். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப்போகிறேன் என்று எழும்பினார். கேத்தல் கொதித்து அணைந்த பிறகும் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தவர்களில் அவரும் ஒருவர், ஆறு வயதில். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அவரை ஒரு சொல் கேட்கவில்லை. இதில் நாவலையோ விதிகளையோ குறை சொல்ல ஒன்றுமில்லை, நடத்துநரின் கவனக்குறைவு.

இந்த ஆட்டக்காரர்கள் மத்தியில் இதற்கு ஏற்கெனவே வழிகள் உண்டு. மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்றை வைத்து, யாராவது தொட்டால் காட்சியை விட்டுவிடுவது ஒன்று. நாங்கள் அடுத்த போயாவுக்கு அதைப் பேசினோம். அக்கா வேறொன்று சொன்னார். அவர்தான் படையின் பதிவாளர், சீ.ஆர். கொப்பி அவர் கையில். நாவலை அவரும் அதற்குள் படித்திருந்தார். தன் தோழர்கள் செய்த மோசமான காரியங்கள் எல்லாவற்றையும் தான் எழுதவில்லை என்று குரோக்கர் ஒப்புக்கொள்ளும் இடம் அவருக்குப் பிடித்திருந்தது. “கொப்பியை நான் மூடினா அந்த இடம் எழுதப்படயில்லை. நீங்களும் சொல்லக்கூடாது.” அதுவே விதியானது. யாரும் கையை நீட்டிக் கொப்பியை மூடலாம். காட்சி அதோடு தாண்டும். நடந்தது நடந்ததுதான், ஆனால் மேசையில் அதன் விவரம் வராது.

கொப்பி அதற்குப் பிறகு மூன்று தடவை மூடப்பட்டது. ஒரு தடவை மூடியது மென்பொருள்காரர்.

இந்த வகை எழுத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கொடூரத்தை அப்படியே காட்டுவதுதான் துணிச்சல் என்று நினைக்கும் நாவல்கள் நிறைய வந்துவிட்டன, அவற்றில் பல எனக்கு அலுப்பு. குக் ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சீட்டு மேசைக்குத் திரும்புகிறார். சொல்லாமல் விட்டதுதான் அந்த மேசையைச் சுற்றி இருக்கிறவர்களைப் பற்றி நம்மை யோசிக்க வைக்கிறது.

கருவாட்டுப் பொதி

ஒன்பதாம் அமர்வுக்கு நான் நாவலைப் பார்க்கவில்லை. கொழும்பைப் பார்த்தேன்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி கொழும்பைக் காக்கச் சம்பளத்துக்கு வைத்திருந்த படைகளில் ஒன்று டி மியூரோன் ரெஜிமென்ட். நியூஷாட்டெலைச் சேர்ந்த சார்ள்ஸ் டானியல் டி மியூரோன் 1781இல் திரட்டிய சுவிஸ் கூலிப்படை. 1795இல் ஆங்கிலேயருக்கு இலங்கை வேண்டியிருந்தது. ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் நியூஷாட்டெலுக்கே போய் அந்தப் பிரபுவைப் பிடித்தார். ஒல்லாந்தரை விட்டுவிட்டு எங்களிடம் வாருங்கள், சம்பளம் நாங்கள் தருகிறோம் என்று பேச்சு முடிந்தது. கொழும்பில் படையை நடத்திக்கொண்டிருந்த தம்பிக்குச் செய்தி போகவேண்டும். ஒல்லாந்து சீஸ் உருண்டை ஒன்றுக்குள் ஒளித்து அனுப்பியதாகக் கதை சொல்வார்கள். படை விலகியது. 1796 பெப்ரவரியில் கொழும்பு பெரிய சண்டை இல்லாமல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே சுவிஸ்காரர்கள் 1799இல் சீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயர் பக்கம் நின்று திப்புவோடு சண்டை பிடித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதை ஒரு வரியாகப் படித்திருப்போம். கூலிப்படை நாவலைப் படித்த பிறகு அதே வரி ஒரு முழு அமர்வாகத் தெரிகிறது. அந்தக் கோட்டைக்குள் இருந்த சாதாரணச் சிப்பாய்க்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்?

சீஸைக் கருவாடாக மாற்றினேன். 83ஆம் நாள், நிலுவை 43. மதிலுக்கு வெளியே எதிரிக் கப்பல். உள்ளே மீன் வியாபாரி ஒருவர் படைக்கென்று ஒரு பொதி பாரைக் கருவாடு கொடுத்துவிட்டுப் போகிறார், காசு வேண்டாமாம். “காசு வேண்டாம் எண்ட யாவாரியா?” என்று இரும்புக்கடை மூத்தவர் உடனே பொதியைக் குத்திப் பிரித்தார். பெரிய பாரையின் வயிற்றுக்குள் எண்ணெய்த் துணியில் கடிதம். வெளியே வந்துவிடுங்கள், நாளுக்கு இரண்டு வெள்ளி. கோட்டையின் கழிவுக் கால்வாய் எங்கே திறக்கிறது என்று சொன்னால் மேலதிகமாக ஐந்நூறு.

கருவாட்டு மணம் வீட்டில் உண்மையாகவே இருந்தது, பக்கத்து வீட்டில் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அது என் ஏற்பாடில்லை.

மனத்திட எண் நாலு. மதிலில் நின்று சண்டை பிடித்தால் ஆட்கள் ஓடுவார்கள் என்பது பின்மட்டையில் இருக்கிறது. மூன்று மணிநேரம் பேசினார்கள். மென்பொருள்காரர் ஐந்நூறையும் வாங்கச் சொன்னார். அக்கா, கால்வாயைக் காட்டினால் உள்ளே இருக்கிற சனத்துக்கு என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டார், ஆறாம் அமர்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இளையவர் ஆளுநரிடம் நேரே போய்க் கேட்போம் என்றார், போய்க் கேட்டார்கள், ஆளுநர் இரவு விருந்துக்கு அழைத்தார், காசைப் பற்றிப் பேசவில்லை.

பேச்சின் நடுவே அக்கா பொலனறுவையை இழுத்தார். அங்கே சம்பளத்துக்கு நின்ற வேளைக்காரப் படையின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று உறுதி எழுதிக் கொடுத்த கல். அதே வேளைக்காரர்தான் முதலாம் விஜயபாகு சோழரோடு போருக்குப் போகச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தினார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. “கல்லில எழுதினவையும் இப்பிடித்தான். எங்களுக்கு வெறும் கொப்பி” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. கால்வாயைச் சொல்லவில்லை. ஐந்நூறு வேண்டாம். ஆனால் போகுமுன் ஆளுநரின் கருவூலத்தை உடைத்து, நிலுவையை மட்டும் எடுப்பது. உயிரோடு 52 பேர், 43 நாள், 2,236 வெள்ளி. செத்த எட்டுப் பேரின் கணக்கு தனி, அதற்கு வேறொரு பக்கம். வாசலில் மூத்தவர் இரண்டு காவலர்களோடு மல்லுக்கட்டி, கட்டையில் மூன்றும் நாலுமாக விழுந்துகொண்டிருக்கும்போது, உள்ளே தங்கச்சி போனில் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். “கெதியா எண்ணு பிள்ளை!” “பிழைச்சா திரும்ப முதல்ல இருந்து எண்ணோணும் அண்ணா, கத்தாதீங்க.”

பெட்டியில் 1,900தான் இருந்தது. ஆளுநரும் உண்மையாகவே காசில்லாத மனிதர் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இதை நான் முதல் அமர்வில் எழுதி வைத்திருந்தேன். ஒன்பது மாதம் யாரும் கேட்கவில்லை. மென்பொருள்காரர், வெள்ளிக் குத்துவிளக்கை எடுத்தால் சரியாகிவிடும் என்றார். தங்கச்சி விடவில்லை. விளக்குக்கு விலை போட இப்போது நேரமில்லை, விலை போடாமல் எடுத்தால் அது களவு. எண்ணிய 1,900ஐயும் சாக்கில் கட்டி, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு துண்டு எழுதி, திகதி போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தார்கள்.

மற்ற இரண்டு அமர்வுகளும் கடலில். அவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை, ஒரு புயல், ஒரு சீட்டாட்டம், ஆளுக்கொரு பாத்திரம் படையில் இருப்பதா போவதா என்ற பேச்சு. அரைச்சப்பாத்து இறங்கிப் போனார். கோட்டை விழுந்ததா இல்லையா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினோராம் போயா இரவு எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தங்கச்சி அக்காவிடம் கொப்பியைக் கேட்டு வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். வரவேண்டியது 2,236. பெற்றது 1,900. கீழே இரட்டைக் கோடு போடவில்லை. “மீதி கீ.கொ.செ. 336”, அதாவது கீழே கொண்டு செல்லப்பட்டது, என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.